எல்லா வார்டிலும் விருந்தாளி

மூன்று வருடமும் எனக்குப் பெயர் "ஏம்மா, ஃபேமிலி மெடிசின்". சர்ஜரி வார்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், லேபர் வார்டிலும் அப்படித்தான். "ஏம்மா ஃபேமிலி மெடிசின், அந்த நாலாம் பெட் டிரெசிங்கைப் பாரு." அவர்களுக்கு என் பெயர் பழகி வரும்போது போஸ்டிங் முடிந்துவிடும். அடுத்த வார்டில் மறுபடியும் "ஏம்மா ஃபேமிலி மெடிசின்".

2016-ல் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர் ஒன்றில், பெரிதும் இல்லாத சிறிதும் இல்லாத ஒரு மருத்துவமனையில் டிஎன்பி (எம்டி-க்குச் சமமான பட்டமேற்படிப்பு) ஃபேமிலி மெடிசின், அதாவது குடும்ப மருத்துவம், சேர்ந்தேன். பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, சர்ஜரி, எலும்பு, தோல், மனநலம், கேஷுவல்டி என்று சுற்றிச் சுற்றி வேலை பார்க்கிற மூன்று வருடப் படிப்பு. இப்போது வேறொரு ஊரில் இதே துறை பிஜிக்களுக்கு, அதாவது பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு, சொல்லிக்கொடுக்கிறேன். டியூட்டி ரோஸ்டர் போடுவதும் நான்தான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "மேடம், இந்த மூணு வருஷம் உடம்பும் மனசும் கெட்டுப்போகாம இருக்க என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை என்று அப்போதே தெரியும். சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தால், "பிஜி என்னம்மா பண்ற?" என்று ஆரம்பிக்கும். ஃபேமிலி மெடிசின் என்றால், "அப்ப எம்பிபிஎஸ் மட்டும்தானா?" என்பார்கள். "குடும்பக் கட்டுப்பாடு சம்பந்தப்பட்டதா?" என்று பெரியப்பா கேட்டது எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் துறைப் பட்டமேற்படிப்பைப் பரவலாக்க வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. பெரியப்பா அதைப் படிக்கவில்லை. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் முப்பது மணி நேரம் நின்றுவிட்டு வந்த ராத்திரியில் அதே கேள்வி உள்ளுக்குள்ளிருந்து கேட்டால் சிரிப்பு வருவதில்லை.

பெரிய விஷயம் அந்த விருந்தாளி நிலைமை. சர்ஜரி பிஜிக்கு ஒரு யூனிட் உண்டு, சீஃப் உண்டு, "டேய், நீ போய்ப் படுடா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் சீனியர் உண்டு. திட்டு வாங்கினாலும் வீட்டுப் பிள்ளை. எங்களுக்கு அப்படி ஒரு வீடு கிடையாது. ரோஸ்டரில் ஓட்டை விழுந்தால் "ஃபேமிலி மெடிசின்ல ஒருத்தரைப் போடு" என்பார்கள். நாங்கள் முகம் வாடி வந்தால், முந்தின மாதம் எப்படி இருந்தோம் என்று தெரிந்தவர் அந்த வார்டில் ஒருவரும் இருக்க மாட்டார். எங்கள் துறையில் பிஜிக்கள் உடைந்துபோவதற்கு வேலைப் பளுவைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பளு எல்லாத் துறையிலும் இருக்கிறது.

என் விஷயத்தில் அது ஒரு மாதக் கடைசியில் வந்தது. 31-ஆம் தேதி இரவு லேபர் வார்டில் கடைசி டியூட்டி. 1-ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் குழந்தைகள் பிரிவில் முதல் நாள். இரண்டு துறைகளும் அவரவர் ரோஸ்டரைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். நடுவில் நான் தூங்க வேண்டும் என்பது இரண்டு தாளிலும் இல்லை. இரவு நான்கு பிரசவம், ஒன்று சிசேரியன். காலையில் குளித்துவிட்டு நேரே போனேன். பத்து மணி வாக்கில் மூன்று கிலோ பச்சைக்குழந்தை ஒன்றுக்கு அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி எழுதினேன். கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 45 மில்லிகிராம் வர வேண்டும். 450 என்று எழுதியிருந்தேன்.

மருந்தை எடுக்கப் போன சிஸ்டர் திரும்பி வந்து, ஒரு கையில் கேஸ் ஷீட்டும் இன்னொரு கையில் மருந்துக் குப்பியுமாக என் பக்கத்தில் நின்றார். "டாக்டர், நீங்க எழுதினபடி பார்த்தா இந்த 500 மில்லிகிராம் குப்பி கிட்டத்தட்ட முழுசும் வேணும். நாங்க வழக்கமா அரை மில்லி கூட எடுக்க மாட்டோம். ஒருக்கா பார்த்துச் சொல்லுங்களேன்." குரலில் குத்தல் எதுவும் இல்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் கை ஜில்லென்று ஆனது. அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, குளுக்கோஸ் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் அறையில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் எங்கள் துறை மேடத்திடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். "கடைசியா எப்ப தூங்கின?" "கணக்கை எங்க போட்ட, மனசுலயா பேப்பர்லயா?" மனசில்தான். அன்றிலிருந்து குழந்தைக்கு எந்த மருந்து எழுதினாலும் எடை, கிலோவுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதுகிறேன். மருந்து எடுக்கிறவர் அதே கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்க அது வழி. என் பிஜிக்கள் மொத்தத்தை மட்டும் எழுதினால் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சிஸ்டர் சந்தேகம் கேட்டால் முகம் சுளிக்கிற பிஜியிடமும் அந்தக் கதையைச் சொல்கிறேன். அவர் அன்று கேட்கத் தயங்கியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இது என் ஒருத்தியின் கவனக்குறைவு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2004-ல் பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி டாக்டர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய டியூட்டி முறையில், நேரத்தைக் குறைத்த முறையைவிடப் பெரிய தவறுகள் 36 சதவீதம் அதிகமாக நடந்திருந்தன. 1997-ல் வந்த இன்னொரு ஆய்வு எல்லாருக்கும் சட்டென்று புரியும். 24 மணி நேரம் விழித்திருந்தவரின் நிதானம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம். நம் ஊரில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவு 0.03. நைட் டியூட்டி முடித்து ஸ்கூட்டரை எடுக்கும் பிஜியைப் போலீஸ் ஊதச் சொன்னால் மெஷினில் ஒன்றும் காட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம். நானே ஒருமுறை சிக்னலில் நின்றபடி தூங்கி வண்டியோடு சாய்ந்தேன். பக்கத்தில் நின்ற இளநீர் வண்டிக்காரர் தூக்கிவிட்டு, "ராத்திரி ஷிஃப்டா பாப்பா?" என்றார். அதன் பிறகு நைட் முடிந்தால் ஷேர் ஆட்டோதான். வண்டியை ஹாஸ்பிட்டலிலேயே விட்டுவிடுவேன்.

இன்னும் சில பழக்கங்கள் பிறகு வந்தவை. நைட் டியூட்டிக்குப் போகுமுன் மத்தியானம் ஒன்றரை மணி நேரமாவது இருட்டறையில் படுப்பது. விடிகாலை மூன்று மணிக்கு அமைதியாக இருந்தால் இருபது நிமிடம் கண்ணை மூடுவது, ஆனால் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு. எழுந்த உடனே டோஸ் எழுதாமல், முகம் கழுவிவிட்டு வந்து எழுதுவது. காலையில் கைமாற்றும்போது "எல்லாம் ஸ்டேபிள்" என்று ஒரே வார்த்தையில் முடிக்கக் கூடாது. யார் ரொம்ப மோசம், அவர் கதை என்ன, என்ன வேலை பாக்கி, நிலைமை மாறினால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். அதில்தான் தப்பு மாட்டும்.

சரி, விதி என்று ஒன்று இல்லையா? இருக்கிறது, பல வருடமாக. 1992-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பயிற்சி டாக்டர்களுக்காகக் கொண்டுவந்த ரெசிடென்சி திட்டத்திலேயே தொடர் டியூட்டி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் லீவு, ஜூனியர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்று இருந்தது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு வாரத்துக்கு அதிகபட்சம் 74 மணி நேரம் என்று பரிந்துரைத்தது. 48-இல் தொடங்கி முப்பது வருடம் கழித்து 74-க்கு வந்து நிற்கிறோம். இதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "அவசரத் தேவைக்கு உட்பட்டு" என்ற வாசகம் அந்தப் பழைய உத்தரவிலேயே உண்டு. எந்த வார்டில்தான் அவசரத் தேவை இல்லை?

விதிக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தது மன அழுத்த மேலாண்மை வகுப்பு. மத்தியானம் இரண்டு மணிக்கு, கட்டாய வருகை, கையெழுத்துப் பதிவேடு. நைட் முடித்த நாங்கள் ஆறு பேர் வீட்டுக்குப் போகாமல் அதற்காகக் காத்திருந்தோம். "கண்களை மூடுங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள்" என்றார் வந்தவர். நான்கு பேர் அப்புறம் கண்ணைத் திறக்கவில்லை. பயிற்சி பலன் கொடுத்துவிட்டது என்று அவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

இரண்டாம் வருடம் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரவுண்ட்ஸில் சுவரோரம் சாய்ந்துகொள்வேன். டியூட்டி களைப்பு என்று நினைத்தேன், இல்லாவிட்டால் சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாதவிடாய் பத்து நாள் நீண்டது. அதையும் தள்ளிப்போட்டேன். மருத்துவமனையில் ரத்ததான முகாம் நடந்தபோது, முன்னுதாரணமாக இருக்கலாமே என்று நானும் கையை நீட்டினேன். விரலைக் குத்திப் பார்த்த டெக்னீஷியன் தம்பி இரண்டாவது முறையும் குத்திப் பார்த்தார். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். எனக்கு 7.6. "மேடம், நீங்க குடுக்க வேண்டாம். உங்களுக்குத்தான் ஏத்தணும்" என்றார். கர்ப்பிணிகளின் கண் இமையை இழுத்துப் பார்த்து "ரத்தம் கம்மியா இருக்கே, கீரை சாப்பிடுறியா?" என்று தினம் நாற்பது பேரைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

ஊருக்கெல்லாம் குடும்ப டாக்டர் ஆகப் படிக்கிறோம். எங்களில் ஒருவருக்கும் குடும்ப டாக்டர் கிடையாது. வயிறு எரிந்தால் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன பேன்டோபிரசோல். தூக்கம் வராவிட்டால் அல்பிரசோலம், அதுவும் சக பிஜி எழுதிக் கொடுத்தது. இதை மாற்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். எங்களிடம் சேர்கிறவர் முதல் மாதத்திலேயே ஊருக்குள் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரிடம் போய், தன்னை நோயாளியாகப் பதிந்துகொள்ள வேண்டும். சொந்த மருத்துவமனையில் வேண்டாம். அங்கே கேஸ் ஷீட்டை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்ப்பார்கள், சீஃப் கையில் நம் மதிப்பெண் இருக்கிறது, வாய் திறக்காது. தனக்குத் தானே மருந்து எழுதக் கூடாது, கூடப் படிப்பவருக்கும் கூடாது. நோயாளி பெஞ்சில் டோக்கனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வேறு சில பாடங்களும் இலவசமாகக் கிடைக்கும்.

என் கூடச் சேர்ந்த ஒருத்தியைப் பற்றிச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இருவருக்கும் வேறு வேறு போஸ்டிங். மூன்று வாரம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மெஸ்ஸில் பார்த்தபோது தட்டில் வெறும் மோர் சாதம், அதையும் பிசைந்துகொண்டே இருந்தாள். "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்ல, டியூட்டி" என்றாள். மனநலப் பிரிவில் அப்போதுதான் போஸ்டிங் முடித்திருந்த தைரியத்தில் நேராகவே கேட்டேன். "சாகணும்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது. அவள் ரொம்ப நேரம் கழித்து "ம்" என்றாள். அன்று ராத்திரி அவளைத் தனியே விடவில்லை. மறுநாள் வெளியூர் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். இரண்டு மாதம் லீவு, மருந்து, வீட்டில் அம்மா. பரீட்சை ஜூனிலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. ஆறு மாதம், அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்துக்குப் பயந்துதான் அவள் அத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

அந்த 2024 பணிக்குழுவின் கணக்கெடுப்பில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்ன பிஜிக்கள் சுமார் 31 சதவீதம். மெஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரில் ஒருவர் என்று எடுத்துக்கொள்ளலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைவிட ஒவ்வொருவர் போனிலும் பதியச் சொல்வது நல்லது. நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று அதைக் குறித்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது.

விருந்தாளியாகவே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு வீடு மாதிரி கிடைத்தது வியாழக்கிழமை மத்தியான ஓபி. எந்த வார்டில் போஸ்டிங் இருந்தாலும் வியாழன் இரண்டு மணிக்கு எங்கள் துறை ஓபிக்கு வந்துவிட வேண்டும் என்று மேடம் சண்டை போட்டு வாங்கியிருந்தார். அமெரிக்காவில் இந்தத் துறைப் பயிற்சியின் முதுகெலும்பே இதுதான். மூன்று வருடமும் அதே நோயாளிகளை அதே பயிற்சி டாக்டர் பார்த்துக்கொண்டு போவார். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, தொடர்ந்து வருகிறவர்களை ஆளுக்கு ஒரு பக்கமாக எழுதிவைத்தேன். சர்க்கரை அளவு, மருந்து, கூடவே "மகன் திருப்பூரில், பேசுவதில்லை", "ஆடு விற்ற பணத்தில் ஸ்கேன் எடுத்தார்" என்றெல்லாம்.

அதே மேடம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பழைய ரெக்கார்ட் ரூமில் எங்களை உட்கார வைப்பார். டீ, வடை, வட்டமாக நாற்காலிகள். 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற மனப்பகுப்பாய்வாளர் பொது மருத்துவர்களைக் கூட்டி வைத்து நடத்திய முறை இது. ஒருவர் தன்னைத் தொந்தரவு செய்யும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். எந்த மருந்து கொடுத்தாய், ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை என்று கிளறக் கூடாது, அறிவுரை கூடவே கூடாது. அந்த நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான் பேச்சு.

நான் சொன்னது உடம்பெல்லாம் எரிகிறது என்று வரும் ஒரு பாட்டியைப் பற்றி. சர்க்கரை இல்லை, தைராய்டு சரியாக இருக்கிறது, பி12 ஊசி போட்டாயிற்று. வாராவாரம் வருவார், மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் போன பிறகு கடைசியாகத்தான் எழுந்து வருவார். "அவங்க பேரைக் கூப்பிட்டாலே எனக்குத் தலைவலி வருது" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஜூனியர் பையன், "அக்கா, வேற நாள்லயும் ஓபி இருக்கே. அவங்க ஏன் வியாழக்கிழமை மட்டும் வர்றாங்க?" என்று கேட்டான். தெரியவில்லை. அடுத்த வியாழன் பாட்டியிடமே கேட்டேன்.

"அன்னிக்குத்தானே தாயி நீ இருப்பே" என்றார்.

பாட்டியின் உடம்பெரிச்சல் அதற்குப் பிறகும் குறையவில்லை. அவர் வருவதும் நிற்கவில்லை. மூன்று வருடம் எந்த வார்டிலும் பெயர் இல்லாமல் திரிந்தவளைத் தேடி இரண்டு பஸ் மாறி ஒருவர் வந்துகொண்டிருந்திருக்கிறார், அந்தப் பையன் கேட்காவிட்டால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதனால் இந்தப் படிப்புக்கு இடம் தேடுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். கட்டடத்தையும் படுக்கை எண்ணிக்கையையும் பார்க்காதீர்கள். இடம் ஒதுக்கும் கவுன்சலிங்குக்கு முன் அங்கே இருக்கும் இரண்டாம் வருட பிஜியைத் தனியாகப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். துறைக்கென்று சொந்த ஓபி உண்டா, மற்ற வார்டுகள் அதற்கு விடுகிறார்களா என்று கேளுங்கள். போஸ்டிங் மாறும் நாளில் நைட் போடுகிறார்களா? வருடத்துக்கு 30 நாள் லீவு என்கிறார்களே, போன வருடம் அவர் நிஜமாக எத்தனை நாள் எடுத்தார்? நடுவில் விட்டுப்போனவர்கள் உண்டா, ஏன்? கடைசிக் கேள்விக்கு அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால், அதுவே ஒரு பதில். ஸ்டைபண்டைப் பற்றியும் கேளுங்கள். எவ்வளவு என்பதைவிட, மாதா மாதம் தேதி தவறாமல் வருகிறதா என்பது முக்கியம். கல்விக் கடன் தவணை காத்திருக்காது.

நானும் இப்போது வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தை நடத்துகிறேன். மாதக் கடைசி இரவில் எங்கள் பிஜி யாருக்கும் எந்தத் துறையும் டியூட்டி போடக் கூடாது என்று எழுதி வாங்கிவிட்டேன், அதற்கு எட்டு மாதம் ஆனது. போன வாரம் கூட்டத்தில் முதல் வருடப் பையன் ஒருவன், இன்னொருத்தி தன் நோயாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். யாரோ எழுப்பப் போனார்கள், வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவன் பங்கு வடையைத் தாளில் மூடி வைத்துவிட்டு, குரலைத் தணித்துப் பேசி முடித்தோம். எல்லாரும் போன பிறகு, எந்த வார்டில் இவனை இப்படிப் பிழிந்தெடுத்தார்கள் என்று கோபத்தோடு ரோஸ்டரை எடுத்துப் பார்த்தேன். முந்தின இரவு கேஷுவல்டி, அதற்கு முந்தின இரவும் கேஷுவல்டி. கீழே என் கையெழுத்து இருந்தது.